வாசலில் நிற்பவரும் கேட்கும் போதனை



நம்பிக்கையாளருக்கென்று திருச்சபை தரும் போதனை, அறியும் ஆவலோடு வரும் பிறரை எவ்வாறு எட்டுகிறது? இக்கருத்தரங்கின் இந்தக் கேள்வி மிகப் பழையது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில், சபை கூடியிருக்கும்போது வெளியார் ஒருவர் நுழைந்தால் அவருக்கு என்ன விளங்கும் என்று பவுலடியார் கேட்கிறார். வழிபாடு சபையாருடையதுதான், ஆனாலும் அங்கே பேசப்படுவது வந்தவருக்கும் புரிய வேண்டும் என்பது அவர் கட்டளை.

சபையாருக்கான போதனை வெளியாரையும் எட்டுவதற்கு மிலான் நகரம் பெரும் சான்று தருகிறது. 384இல் சொற்கலை ஆசிரியராக அங்கே வந்த அகுஸ்தீனார், ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளை முதலில் அவற்றின் நடைக்காகவே கேட்டார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானிக்கேயம் என்னும் வேற்றுச் சமயக் கொள்கையைப் பின்பற்றியிருந்த அவருக்குப் பழைய ஏற்பாட்டின் பல பகுதிகள் ஏற்கத்தகாதவையாகத் தோன்றின. அம்புரோசியாரோ அவரைக் குறிவைத்துப் பேசவில்லை. தம் மக்களுக்கு அப்பகுதிகளின் உட்பொருளை விளக்கினார். அந்த விளக்கமே அகுஸ்தீனாரின் தடைகளைத் தளர்த்தியது. 387 உயிர்ப்புப் பெருவிழாவில் அம்புரோசியாரிடமே அவர் திருமுழுக்குப் பெற்றார்.

பின்னர் ஆயரான அகுஸ்தீனார், கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தெயோகிராசியாசுக்காக, புதிதாக வருவோருக்குக் கற்பிக்கும் முறை பற்றி 400ஆம் ஆண்டையொட்டி ஒரு நூல் எழுதினார். வந்தவர் எதற்காக வந்தார் என்று விசாரியுங்கள். படித்தவருக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லாதீர்கள். நின்று களைத்தவருக்கு இருக்கை கொடுங்கள் என்கிறார். கேட்பவராக இருந்த அனுபவம் அவரை அப்படி எழுத வைத்தது என்றே நான் கருதுகிறேன்.

நம்பிக்கையாளருக்கான போதனை பிறரை எட்டியதற்கு நம் மண்ணிலும் சான்று உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்ட சிறு மறைக்கல்வி நூல். முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் அதைத் தமிழில் தந்தார். இன்று சமய வேறுபாடின்றி, தமிழ் அச்சு வரலாறு பயில்வோர் பலரும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

இவற்றிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்று. நம்பிக்கையாளர் மனத்திலுள்ள கடினமான கேள்விகளை நேர்மையாக எதிர்கொள்ளும் போதனையே வெளியாரையும் எட்டும். ஏனெனில் இருவர் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றே. பிறருக்காகப் போதனையை நீர்க்கச் செய்தால் அவர்கள் தேடி வந்தது கிடைக்காது. சபையாருக்கு மட்டுமே விளங்கும் குழூஉச் சொற்களில் பேசினால், பிறர் கேட்டும் பயனில்லை. நாளடைவில் நம் பிள்ளைகளுக்கும் அது விளங்காமல் போகும்.

ஆகவே ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள் இது: எந்தப் போதனையை ஆராய்ந்தாலும், அதை யார் சொன்னார் என்பதோடு, அழைக்கப்படாமல் வந்து கேட்டவர் யார், அவர் எதைப் பெற்றுச் சென்றார் என்பதையும் ஆராயுங்கள். அந்த எதிர்பார்ப்போடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.