தலைக் கிறிஸ்துமஸும் பத்து வட்டியும்

(தென்காசியில் நடந்த கூட்டமைப்பின் நவம்பர் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் நாங்கள் கடன் திருப்பம், தணிக்கை, பதிவேடு என்றுதான் பேசுவோம். "இந்த மாசமாவது நல்ல விஷயம் பேசுங்க மேடம்" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னாங்க. அதனால் கிறிஸ்துமஸ் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஆனால் வட்டியைப் பற்றிப் பேசாமல் இதைத் தொடங்க முடியவில்லை. மன்னிக்கவும்.

நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி. மகளுக்குக் கல்யாணம் முடிந்து தலைக் கிறிஸ்துமஸ். மருமகன் வீட்டார் முன்னால் குறைவாகத் தெரியக் கூடாது என்று கடை கேக், அட்டைப்பெட்டியில் இனிப்பு, சீரியல் லைட், கண்ணாடி டம்ளர் செட் எல்லாம் வாங்கினார். வெளியே பத்து வட்டிக்கு 6,000 ரூபாய். மாதம் 600 ரூபாய் வட்டி. ஆகஸ்ட் வரை எட்டு மாதம், 4,800 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருக்கிறார். அசல் அப்படியே நின்றது. அப்புறம் கம்மல் அடகுக்குப் போனது. அவர் குழுவில் உள்கடன் கேட்கவே இல்லை. "பலகாரத்துக்கும் லைட்டுக்கும் கடன் கேட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று வெட்கம். குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 60 ரூபாய்தான். கந்துவட்டியைத் தடை செய்து 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வெட்கத்துக்குச் சட்டம் இல்லையே. மாதாமாதம் அந்தக் குழுவின் கூட்டத்தில் உட்கார்ந்தும் இதைக் கேட்காமல் விட்டோமே என்று எங்களுக்கும் வருத்தம் உண்டு.

பிறகு அந்த மகளிடமே கேட்டோம்: "அந்த கிறிஸ்துமஸ்ல உனக்கு எது ஞாபகம் இருக்கு?" யோசித்துவிட்டுச் சொன்னாள், "அம்மா சுட்ட முந்திரிக்கொத்து. அவங்க வீட்ல எல்லாரும் கேட்டு வாங்கித் தின்னாங்க." டம்ளர் செட்டை அவள் சொல்லவே இல்லை.

ஆகவே முந்திரிக்கொத்திலிருந்தே தொடங்குவோம். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பலகாரம் இது. பெயரில் முந்திரி இருக்கிறதே தவிர முந்திரிப்பருப்பு கிடையாது. மும்மூன்று உருண்டை திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர். ஒரு கிலோ பாசிப்பயறை வாசம் வர வறுத்து, நரநரவென்று திரித்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தேங்காயைத் துருவிச் சிவக்க வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஈரம் நின்று நாலு நாளில் காறிப்போகும். 100 கிராம் எள்ளும் வறுத்தது. முக்கால் கிலோ கருப்பட்டியோ வெல்லமோ கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டி, கம்பிப் பதம் வந்ததும் ஏலக்காய், சுக்கு போட்டு, மாவில் ஊற்றிக் கிளறி, சூட்டோடு நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். ஓர் இரவு காயட்டும். மறுநாள் பச்சரிசி மாவில் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் கலந்து தோசை மாவைவிடக் கெட்டியாகக் கரைத்து, மூன்று மூன்றாக முக்கிப் பொரித்து எடுக்கலாம். மாவு நீர்த்துப்போனால் வெல்லம் எண்ணெயில் இறங்கி எண்ணெயே கெட்டுவிடும். பத்து நாள் தாராளமாகத் தாங்கும்.

இன்னொரு காரணத்துக்காகவும் இதைச் சொல்கிறோம். கார்த்திகை, மார்கழியில் பக்கத்து வீட்டு அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். அந்த வீட்டில் முட்டை போட்ட கேக்கை நீட்டினால் வாங்கவும் முடியாது, மறுக்கவும் சங்கடம். அச்சு முறுக்கிலும் சில வீட்டில் முட்டை சேர்ப்பாங்க, கேட்டுக்கொள்ளுங்கள். முந்திரிக்கொத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவங்க வீட்டுப் பாத்திரம் நம் வீட்டுக்கு வந்திருக்கும். அதை வெறுமனே திருப்பி அனுப்பாமல் இதைப் போட்டு அனுப்பலாம்.

கேக்கும் செய்யத்தான் செய்வீர்கள். குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பிச் சுடுவது இப்போது பலருக்கும் தெரியும். அதில் போடும் கிராம்பும் ஜாதிக்காயும் எங்கோ இருந்து வந்ததென்று நினைக்காதீர்கள். 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கிராம்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்து நட்ட இடமே நம் குற்றாலம்தான். 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கிறிஸ்துமஸ் கேக் செய்துகொடுத்தார். துரை பிராந்தி சேர்க்கச் சொன்னாராம். பாபு முந்திரிப்பழத்திலும் கதலிப்பழத்திலும் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துவிட்டார் என்று சொல்வார்கள். சரக்குப் பக்கம் நாம் போக வேண்டாம்! கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார் பாருங்கள், அதைச் சொல்ல வந்தோம்.

அடுத்து அலங்காரம். நட்சத்திரம் வீட்டிலேயே கட்டலாம். ஒரே அளவாக இரண்டடி மூங்கில் தப்பை பத்து. ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் தப்பைகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடத்திலும் ஆறு அங்குலக் குச்சியை நிறுத்தினால் வயிறு புடைத்துக்கொள்ளும். அதன்மேல் வண்ணத்தாளை மைதாப் பசையால் ஒட்டுங்கள். உள்ளே எல்.இ.டி. பல்பு மட்டும். பழைய குண்டு பல்பு சூட்டில் தாள் கருகிவிடும். டிசம்பரில் நமக்கு மழை இருக்கும். ஒயர் ஜாயின்ட் வாசலுக்கு வெளியே வேண்டாம், டேப் சுற்றியிருந்தாலும் வேண்டாம். பிள்ளைகள் ஈரக்கையோடு தொடுவார்கள்.

குடில் வைக்கும் பழக்கம் 1223-இல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் தொடங்கியது. அவரும் வைக்கோலையும் மாட்டையும் வைத்துத்தான் செய்தார். பச்சைக்குக் கடையில் பிளாஸ்டிக் புல் வாங்குகிறோம். அம்மன் கொடைக்கு முளைப்பாரி போடுகிற அக்காமார் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். முளைப்பாரியை இருட்டில் வைப்போம், இதை வெளிச்சத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். டிசம்பர் 14, 15-இல் சிரட்டையில் கேழ்வரகோ கம்போ தூவினால் 24-ஆம் தேதிக்குப் பசும்புல் தயார். போன வருடம் ஒரு குழுவில் இந்து அக்காமார் முளைக்கவைத்துக் கொடுத்த புல்தான் மூன்று வீட்டுக் குடிலில் இருந்தது. மரத்துக்கு ஒரு சவுக்குக் கிளை போதும். குற்றால மலைக் காட்டில் போய் எதையும் வெட்டாதீர்கள், வனத்துறை வழக்காகிவிடும்.

பவனி வருகிறவர்களுக்குச் சுக்குக்காப்பி போடுங்கள், எவர்சில்வர் டம்ளரிலேயே கொடுங்கள். பிளாஸ்டிக் கப் 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை. கழுவ ஆள் இல்லை என்பீர்கள். வீட்டு ஆண்களைக் கழுவச் சொல்லுங்கள், பண்டிகை அவர்களுக்கும்தானே.

சரி, சீர் விஷயத்துக்கு வருவோம். தலைக் கிறிஸ்துமஸ் சீரை நிறுத்தச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, எங்களுக்குத் தெரியும். பனை ஓலைப்பெட்டியில் கொடுங்கள். அதில் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய் ஒரு பாட்டில், ஒரு பொட்டலம் கிராம்பு, பட்டை. ஊறுகாயை இப்போதே போட்டால்தான் அன்றைக்கு ஊறியிருக்கும். வாங்குகிற சம்பந்தி வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் அது பெட்டியின் குற்றமில்லை.

இதையே விற்கவும் செய்யலாம். இந்த மாதங்களில் ஐயப்ப சாமிமார் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகிறார்கள். முட்டையில்லாத பலகாரம், சுத்தமான ஓலைப்பெட்டி என்றால் வாங்குவார்கள். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், விண்ணப்பம் போட நாங்கள் கூட வருகிறோம்.

பண்டிகைச் சேமிப்புக்கு ஒரு கணக்கு. வாரம் 25 ரூபாய், 48 வாரம், ஆளுக்கு 1,200. பதினைந்து பேர் குழுவில் 18,000 ரூபாய். பயறு, வெல்லம், எண்ணெயை மொத்தமாக வாங்கிப் பிரிக்கலாம். இது அடுத்த வருடத்துக்கு. இந்த வருடம் கை கடிக்கிறவர்கள் வெளியே போகாமல் குழுவில் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் "கிறிஸ்துமஸ் செலவு" என்றே எழுதுங்கள்.

முதலில் சொன்ன சகோதரி கம்மலை இன்னும் மீட்கவில்லை. குழு உள்கடன் கொடுத்து வெளிக் கடனை அடைத்துவிட்டது. இந்த மாதம் அவர் வீட்டு அடுப்பில்தான் முந்திரிக்கொத்து செய்து காட்டப் போகிறோம். கற்றுத்தரப் போவது அவர்தான். வர விரும்பும் குழுக்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள், ஆளுக்கு ஒரு தேங்காய் கொண்டு வாருங்கள். ஓலைப்பெட்டி முடையத் தெரிந்த பாட்டிமார் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள்.