எம்பக்கையில் ஒரு மரமுளை

கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பக்க தேவாலயத்துக்கு ஒருமுறை மாணவரை அழைத்துச் சென்றேன். 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் எழுந்தது, கதிர்காமக் கடவுளுக்குரியது. மண்டபத்தின் மரத்தூண்களிலே பின்னிய அன்னங்கள், மல்லர்கள், பிள்ளைக்குப் பாலூட்டும் தாய். எல்லோரும் அவற்றிலே இலயித்திருக்க, தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகன் மட்டும் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். வகுப்பில் என்னிடம் ஓயாது ஏச்சு வாங்குபவன்.

"சேர், 26 கைமரமும் ஒரே முளையில பூட்டியிருக்கு. ஒண்டு பிசகினாலும் மற்றது பொருந்தாது" என்றான். தகப்பனாரோடு கூரை வேலைக்குப் போய் வருபவனாம். நான் நூலில் வாசித்து வைத்திருந்த தொகையை அவன் கண்ணாலே எண்ணியிருந்தான்!

திரும்பும்போது பஸ்ஸில் அவனருகே போய் அமர்ந்தேன். மரத்தில் பூட்டு வெட்டுவது எப்படியென்று கேட்டேன். கண்டி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.