ரிஷி பஞ்சமியும் மகளின் கேள்வியும்

(மார்க்கத்தில் இடம்பெற்ற கூட்டு வழிபாட்டில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நேற்று ஆவணிச் சதுர்த்தி. பிள்ளையாருக்கு மோதகம் படைத்தோம். இன்று ரிஷி பஞ்சமி. ஈழத்துச் சைவ இல்லங்களில் இவ்விரதம் பரவலாக அனுட்டிக்கப்படுவதில்லை. மராட்டியர், குஜராத்தியர், நேபாளியர் ஆகியோரிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, இது பெருவிரதம். என் மகளும் தன் குஜராத்தித் தோழி வாயிலாகவே இதனை அறிந்தாள். அத்தோழியின் குடும்பத்தாரும் இன்று நம்மோடு அமர்ந்திருக்கின்றனர்.

காசியபர், அத்திரி, பரத்துவாசர், விசுவாமித்திரர், கௌதமர், சமதக்கினி, வசிட்டர் ஆகிய எழுவரையும், வசிட்டரின் துணைவி அருந்ததியையும் இந்நாளில் வணங்குவர். எருது உழுத நிலத்தில் விளைந்ததை உண்பதில்லை என்பது விரத விதி. ஒன்ராறியோவில் ஏர் இழுக்க எருது ஏது? உழவு இயந்திரத்துக்கு விதி சொல்வாரும் இலர். எனினும் நம்மவர் பலர் வீட்டின் பின்வளவில் மண்வெட்டியால் கொத்தி வளர்க்கும் கீரையும் கத்தரியும் இவ்விரதத்துக்கு மிகப் பொருத்தமானவை.

இனி, மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விரதத்தின் கதையை அவள் தேடிப் படித்திருந்தாள். மாதவிடாய் நாட்களில் பாத்திரங்களைத் தொட்ட பெண்ணொருத்தி அதனாற் பாவம் எய்தினாள் என்றும், இவ்விரதத்தால் அது நீங்கிற்று என்றும் அக்கதை கூறும். "அப்பா, அது பாவமா?" என்றாள். பொறியியல் கற்றவன், கணினித் துறையில் இருபது ஆண்டுகள் கழித்தவன். ஆயினும் உடனே விடை கூற நா எழவில்லை. என் அம்மா "வீட்டுக்குத் தூரம்" என்று சொல்லி அடுப்படிக்கு வராதிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அன்று ஏனென்று நான் கேட்டதில்லை.

"பாவம் அன்று" என்றேன். இதனைப் பெற்றோர் வாய்திறந்து கூறவேண்டும். நாம் மௌனமாயிருந்தால், பிள்ளைகள் ஒன்று அந்தக் கதையை நம்புவர், அல்லது வழிபாட்டையே முழுதாகக் கைவிடுவர். நேபாளத்தின் மேற்குப் பகுதிகளில் அந்நாட்களில் பெண்களைக் குடிசையில் ஒதுக்கிவைக்கும் வழக்கம் பல உயிர்களைப் பறித்தது. 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை ஒழிக்குமாறு பணித்தது. 2017இல் அது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. விரதம் பெரிதும் போற்றப்படும் நாட்டிலேயே அவ்வழக்கத்தை விலக்க முடிந்திருக்கிறது. அறிவு தந்தோர்க்கு நன்றி கூறும் நாளாக மட்டும் நாம் இதனைக் கொள்வோம், ஆண்களும் விரதமிருப்போம்.

இவ்வெழுவரையும் நம் முன்னோர் வானிலும் கண்டனர். நற்றிணைப் பாடலொன்று எழுமீனைக் கைதொழப்படும் மீனாகச் சுட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் இம்மீன்கூட்டம் உதித்து மறையும். மார்க்கமோ ஏறத்தாழ 44 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆதலால் இங்கு எழுமீனும் தொடுவானின் கீழ் முழுதாக இறங்குவதே இல்லை, ஆண்டு முழுவதும் நம் தலைக்கு வடக்கே சுற்றிவருகின்றன. பிறந்த மண்ணில் நமக்குக் கிட்டாத பேறு இது! ஆனால் நம் திருமணங்களில் நண்பகல் வேளையில், மண்டபத்தின் கூரையைக் காட்டி அருந்ததி பார்த்தாயிற்று என்கிறோம்.

பிரசாதம் பெற்றபின், வானம் தெளிவாயிருப்பதால், பிள்ளைகளை வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வடமேற்கே அகப்பை வடிவில் ஏழு மீன்கள் தெரியும். அதன் காம்பின் நடுமீன் வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாக மின்னுவது அருந்ததி. கண்ணாடி அணிந்தோர் தயவுசெய்து கழற்றிவிட வேண்டாம்.