முத்தும் பந்தரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடலில்லாத கொங்கு மண்ணில் நின்று, கடற்கரைக் கட்டடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம், என் ஆசிரியப் பணியில் நேர்ந்த ஒரு தலைகுனிவு.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணத்தையும் பந்தரையும் இணைத்துப் பேசுகின்றனர். கொடுமணம் அருங்கலன்களுக்குப் பெயர் பெற்றது. பந்தர் முத்துக்குப் பெயர் பெற்றது. கொடுமணத்தை நம் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணல் என்பர் ஆய்வாளர். 1985 முதல் பலமுறை நடந்த அகழாய்வுகளில் கிடைத்த மணிகள், சங்கு வளையல் துண்டுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஆகியவற்றை வகுப்பில் அரைமணி நேரம் பெருமிதத்தோடு விளக்கினேன். பந்தருக்கு வந்தபோது, "முத்து மிக்க ஒரு பட்டினம்" என ஒரே வரியில் கடந்தேன்.

இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருத்தி எழுந்தாள். "அம்மா, சிப்பியிலிருந்து முத்தை எங்கே வைத்து எடுத்தார்கள்? அந்த இடம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். "கடற்கரையில்தான்" என்றேன். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. முனைவர் பட்டம் பெற்ற எனக்கு முத்துக்கு உவமை நூறு தெரியும். முத்தெடுத்த கூடம் ஒன்றுகூடத் தெரியாது என்பதை அன்று உணர்ந்தேன்.

அன்பர்களே, அந்த இடத்திற்குப் பெயர் 'கொட்டு'. சங்க காலத்துக் கூடம் எப்படி இருந்தது என்று சொல்லச் சான்று இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த முத்துக்குளிப்பு விரிவாகப் பதிவாகியுள்ளது. 1905ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மனிதர் வாழாத மணற்பரப்பில், சில வாரங்களுக்காக ஒரு நகரமே எழுந்தது. கடைத்தெரு, நீதிமன்றம், மருத்துவமனை, சிறை எல்லாம் இருந்தன. பெரும்பாலும் கம்பும் ஓலையும் கொண்டு கட்டிய நகரம் அது.

அந்நகரின் இதயம் அரசுக் கொட்டு. நம் ஊர் ஆட்டுப்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பன்மடங்கு பெரிதாக்கி, நீண்ட சதுரமாக அடைத்து, உள்ளே பல பகுதிகளாகப் பிரித்து, மேலே ஓலை வேயுங்கள். அதுவே கொட்டு. விடியுமுன் கரைக்காற்றில் புறப்பட்ட படகுகள் பிற்பகலில் கடற்காற்றில் திரும்பும். குளிகாரர்கள் சிப்பிகளைச் சுமந்து வந்து, மூன்று சமக் குவியலாகக் குவிப்பர். இரண்டு அரசுக்கு; ஒன்று அவர்களுக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்பதை அதிகாரி சொல்வார். அதனால் குவியல்களைச் சமமாகப் பிரிப்பதே குளிகாரருக்கு நன்மை. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

ஏலத்தில் வாங்கியவர்களின் கொட்டுகள் வேறு. முகாமிலிருந்து தள்ளியே அவை இருக்கும், நாற்றமே காரணம். சிப்பிகளை மரத்தொட்டிகளில் இட்டு மூடி, ஒரு வாரமோ அதற்கு மேலோ அழுகவிடுவர். ஈயும் புழுவும் சதையைத் தின்னும். பிறகு கடல்நீர் ஊற்றி அலசுவர். அலசுவோர் கை வாய்ப்பக்கம் போகாதபடி கண்காணிகள் நிற்பர். அடியில் தங்கிய மண்டியை உலர்த்தித் துழாவ, முத்து வெளிப்படும். அதன்பின் துளைகள் இட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்து, தரம் பிரித்து, மஞ்சாடி எடையில் நிறுப்பர். பருவம் முடிந்ததும் ஓலையும் கம்பும் பிரிக்கப்படும். சிப்பி ஓடுகள் மட்டும் மணலில் எஞ்சும்.

மரிச்சுக்கட்டிக்கு வடக்கே அரிப்பு என்னும் ஊரில், இதே முத்துக்குளிப்பிற்காக எழுந்த மாளிகை ஒன்று இருக்கிறது. 1798 முதல் 1805 வரை இலங்கை ஆளுநராக இருந்த பிரடெரிக் நார்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை அது. கிரேக்கப் பாணித் தூண்களால் 'டோரிக்' என்று பெயர் பெற்றது. இன்று கூரையின்றி, கடல் அரிக்கும் கரையில் இடிந்து நிற்கிறது. ஆனால் அங்குள்ள மக்கள் அதனை எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? 'அல்லிராணிக் கோட்டை'! நம் கதைப்பாடல்களின் அல்லியைக் கொண்டுவந்து, ஆளுநரின் வீட்டில் குடியேற்றிவிட்டார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. பார்வையிட்டவனின் வீடு செங்கல்லால் ஆனது. உழைத்தவனின் கூடம் ஓலையால் ஆனது. ஆகவே ஒன்று இடிந்தேனும் நிற்கிறது; மற்றொன்று சுவடின்றிப் போயிற்று. ஓலைக்கூடத்தை நமக்குக் காத்துத் தருவது சொல் ஒன்றே. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாபம் என்றும் வழங்கும். அதே கரையில் சிலாபத்துறை என்னும் ஊர் இன்றும் இருக்கிறது. பந்தர் என்றாலோ பந்தல் என்றும் பொருள். அப்பெயரை ஒரே வரியில் கடந்தவள் நான்.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசித் தொடர் முத்துக்குளிப்பு. 1973இல் அங்கேயே மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் ஆய்வுக்கூடத்து முறையால் முத்தை வளர்த்துக் காட்டினர். முத்து கிடைக்கும், கொட்டு இனி எழாது. அந்தத் தொழிலின் சொற்களை வாயில் வைத்திருந்த தலைமுறை அருகிவிட்டது.

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முத்துப்பல் என்றும் முத்துநகை என்றும் எழுதிய கை, அந்த முத்து வந்த கூடத்தின் நாற்றத்தையும் ஒருமுறை எழுதட்டும். நம் வட்டத்திற்கும் ஒரு வேண்டுகோள். நம்மைச் சுற்றியும் கொட்டுகள் பிரிக்கப்பட்டு வருகின்றன. தறிக்குழி தூர்கிறது, வெல்லம் காய்ச்சிய ஆலைக்கொட்டகை சரிகிறது. பதினோராம் ஆண்டில் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு தொழிற்கூடத்திற்குச் சென்று, அங்குள்ள ஒவ்வொரு கம்பிற்கும் குழிக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதிவர வேண்டும். அவற்றைத் தொகுத்தால் அதுவே நம் அடுத்த மலராகும்.

அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாளோ அறியேன். அவள் கேள்விக்குக் காலந்தாழ்ந்த விடையாக இவ்வுரையைக் கொள்க.