செயலை நிறுப்பதா? விதியை நிறுப்பதா?



மிகப் பலருக்கு மிகுந்த நன்மை விளைப்பதே அறம் என்பது பயன்வழிக் கொள்கை. ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தாம் 1789ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை முறையாக வகுத்துரைத்தார். பிரபுவின் இன்பமும் கூலியாளின் இன்பமும் ஒரே தராசில் ஒரே எடை என்பது, பிறப்பால் உயர்வு பேசிய உலகில் பெரும் புரட்சியே ஆகும்.

ஆயினும் அத்தராசில் எதனை இட்டு நிறுப்பது? இங்கேதான் கொள்கை இரண்டாகக் கிளைக்கிறது. ஒவ்வொரு செயலையும் தனித்தனியே நிறுத்து, நன்மை மிகுவதையே செய்க என்பது செயல்நெறி. எல்லோரும் கைக்கொண்டால் எவ்விதி மிகுந்த நன்மை தருமோ, அவ்விதிப்படி நடக்க என்பது விதிநெறி.

இரண்டையும் உரைத்துப் பார்க்க மெக்குளோஸ்கி என்னும் அறிஞர் 1957இல் ஒரு கற்பனை நிகழ்ச்சியைக் கூறினார். அமெரிக்காவில் ஒரு கொடுங்குற்றம் நிகழ்ந்துவிட்டது. கறுப்பின மக்கள்மீது கலவரம் மூளும் நிலை. குற்றமற்ற கறுப்பர் ஒருவர்மீது பழி சுமத்தினால் கலவரம் தணியும், உயிர்கள் பிழைக்கும். காவல் அதிகாரி யாது செய்வது?

செயல்நெறி ஓர் உயிரைப் பல உயிர்களோடு நிறுத்து, பழி சுமத்தவும் இசைந்துவிடக் கூடும். விதிநெறி இசையாது. குற்றமற்றவரை அரசு தண்டிக்கலாம் என்பதே நடைமுறையானால், எவருக்கும் காப்பில்லை. ஜான் ரால்ஸ் 1955ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதனைத் தெளிவுறுத்தினார்.

அக்கதையில் பலிக்கு நிறுத்தப்படுபவர் யார் என்பதை நோக்குங்கள். வலியவர் கையில் தராசு இருக்குமானால், இழப்பு எளியவர் தலையிலேயே விழும். "ஊர் அமைதிக்காக நீங்கள் பொறுத்துப் போகக் கூடாதா?" என்னும் சொல் நமக்குப் புதிதன்று. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, ஊருக்கு ஊர் நன்மை தீமையை எடைபோட்டுச் செயற்படுவதன்று. எங்கும் செல்லும் விதி. அதன் வலிமை அதுவே.

விதியானதாலேயே ஒன்று அறமாகிவிடுமா? ஆகாது. தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என அமெரிக்கா 1850இல் சட்டம் இயற்றியது. அதனை மீறி அடிமைகளுக்கு அடைக்கலம் தந்தோரே அறவோர். நன்மை பயவாத இடத்தும் விதியைப் பற்றி நிற்பது விதி வழிபாடு எனச் செயல்நெறியாளர் ஸ்மார்ட் இடித்துரைத்ததில் உண்மை உண்டு.

ஆகவே இளைஞர்களே, பொதுநன்மை என்று எவர் கூறினும் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். இந்நன்மைக்கு விலை கொடுப்பவர் யார்? இவ்விதி எல்லோருக்கும் ஒன்றுபோல் செல்லுமா? இவ்விரண்டையும் அஞ்சாது கேட்கும் ஆற்றலையே நாம் கல்வி என்கிறோம்.