கறிக்கு எடுத்த மீன்

யாழ்ப்பாணத்துக் குருநகர், பாசையூர், நாவாந்துறை முதலிய கரையோர ஊர்களிலே வீட்டின் நாட்கணக்கு, வள்ளம் கரைசேரும் வேளையிலேயே தொடங்குகின்றது. மீன் ஏலத்துக்குப் போகுமுன்னர், பிடித்தவன் தன் பங்கிலிருந்து வீட்டுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைப்பான். அதுவே கறிக்கு எடுத்த மீன். விலைபோகும் இறாலும் பாரையும் பெரிய நண்டும் அதிலே சேர்வது அரிது; அவை கடனுக்கும் வலைக்கும் ஈடுசொல்ல வேண்டியவை. சூடை, காரல், கையளவான விளைமீன் என்பனவே பெரும்பாலும் வீடு வரும்.

“இஞ்சாருங்கோ, பிள்ளையளுக்கு இரண்டு இறாலாவது எடுத்து வைச்சிருக்கலாமே” என்பாள் மனைவி. “நாளைக்குப் பாப்பம்” என்பான் அவன். அந்த நாளை எப்பொழுது வரும் என்பதை இருவரும் அறிவர்; மேலே பேச்சில்லை.

ஆயினும், பட்டணத்துச் செல்வர் காசு கொடுத்தும் பெற முடியாத ஒன்று இவர்களுக்கு வாய்த்திருக்கின்றது. அதுதான் மீனின் புதுமை. செவுள் சிவந்து, கண் பளபளக்கும் மீனுக்குத் தூளும் புளியும் மிகுதியாக வேண்டியதில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், சிறிது மஞ்சள் ஆகியவற்றை இரண்டாம் பாலிலே கொதிக்கவிட்டு, மீனை இட்டு, வெந்ததும் முதற்பாலைச் சேர்த்து ஒரு கொதி வருமுன் இறக்கிவிடுவர். தேசிக்காய்ப்புளி விடுவது சட்டியை அடுப்பினின்று இறக்கிய பின்னரே. கொதிக்கும்போது விட்டாற் பால் திரைந்துவிடும். இவ்வாறு வைத்த சொதிக்கு நிகரான உணவு பெரிய விருந்துகளிலும் கிடைப்பதரிது. நேற்றைய மீனுக்குத்தான் வறுத்த தூளும் பழப்புளியும் துணைக்கு வரவேண்டும்.

இந்தப் புதுமைக்குக் காரணம் பரவைக் கடலின் ஆழமின்மை. பல இடங்களில் மனிதன் நின்று தொழில் செய்யலாம். தடிகளை நட்டு வலைச்சுவர் கட்டினால், பெருக்கோடு வரும் மீன் அச்சுவரைத் தொடர்ந்து சென்று கூட்டினுள் அகப்படும். இதுவே களங்கண்ணி. மாலையிற் போனவன் விடிய வீடு திரும்புகின்றான். ஆழ்கடலுக்குப் பலநாட் படகிற் செல்வோரின் வீடுகளில் இந்த ஒழுங்கு இல்லை. அங்கே பெண்கள் நாட்களை எண்ணிக் காத்திருப்பர். வருகின்ற மீனும் பனிக்கட்டியிற் கிடந்ததாகவே இருக்கும்.

வலை பருத்தி நூலாக இருந்த காலத்தில், மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்துவதிலும் கிழிசல் பொத்துவதிலும் வீடு முழுவதும் ஈடுபட்டது. நைலோன் வந்தபின் அவ்வேலை குறைந்தது. வலையின் விலையோ ஏறியது. இழுவைப்படகு ஒன்று இரவில் வலையை அறுத்துச் சென்றால் அடுத்த நாள் வருவாய் மட்டும் போவதில்லை, அடுப்பும் அணைகின்றது. கடலின் அடியை வாரும் இழுவைத் தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டிலே சட்டத்தாற் தடைசெய்தது. ஆனால் கடலில் நிகழ்வதைச் சட்டம் எப்பொழுதும் எட்டிப் பிடிப்பதில்லை.

வடகரையில் மயிலிட்டி மக்களுக்கு நேர்ந்ததோ இதனிலும் கொடிது. 1990ஆம் ஆண்டு போரினால் இடம்பெயர்ந்தவர்களுக்குத் துறைமுகமும் அதனையடுத்த நிலத்தின் ஒரு பகுதியும் 2017ஆம் ஆண்டிலேதான் மீண்டன. 27 ஆண்டுகளாக, முகாம்களிலும் பிறர் வளவுகளிலும் இருந்த மீனவப் பெண்கள் சந்தையிலே மீன் வாங்க நின்றார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த கைகளுக்கு அது எத்துணை வருத்தம் என்பதைக் கடற்கரையார் அறிவர்.

விலைபோகாத சில்லறை மீன் மிகுந்த நாட்களிலே ஒடியற் கூழ் காய்ச்சுவர். இரண்டு சிறு நண்டு, நாலைந்து கூனி இறால், ஒரு மீன்தலை, ஒரு துண்டுத் திருக்கை: தனிக்கறிக்கு எதுவும் போதாது. பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றோடு அவை யாவும் ஒரே பானையில் வேகும். கசப்புப் போக நீரில் ஊறவைத்த ஒடியல்மாவைக் கரைத்து விட்டு, செத்தல்மிளகாயும் பழப்புளியும் சேர்த்தாற் கூழ் தடிக்கும். பேரப்பிள்ளைகள் பனையோலைப் பிளாவை ஏந்தி முற்றத்தில் வட்டமாக இருப்பர். அப்பானையிலிருந்து முதலில் ஒரு சட்டி வேலிக்கு அப்பாற் போகும். வலை அறுந்து தொழிலுக்குப் போகாதவன் வீட்டுக்கு.