வைரல் லோடு சொல்லாதது



சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் வந்தவர்கள் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தைக் கவனித்திருப்பீர்கள்: தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை தந்த பெயர் அது. 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கூட்டு மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்தபோது, நாட்டின் முதல் மையங்களில் அதுவும் ஒன்று.

அந்தக் கூட்டு மருந்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கணிதத் துறையினர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

மருந்து தொடங்காதவரின் ரத்தத்தில் வைரஸ் அளவு, அதாவது வைரல் லோடு, ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். சேலையூர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் மாறவில்லை என்றால் வரத்தும் போக்கும் சமம், அவ்வளவுதான். சொட்டுச் சொட்டாக வருகிறதா, பெருவெள்ளமாக வந்து அப்படியே போகிறதா? கரையில் நின்று எத்தனை நாள் அளந்தாலும் தெரியாது. வரத்துக் கால்வாயை அடைத்துப் பார்க்க வேண்டும்.

1995-இல் ஆய்வாளர்கள் டேவிட் ஹோ குழுவும் ஜார்ஜ் ஷா குழுவும் வைரஸின் வரத்தை மருந்தால் அடைத்தார்கள். வைரஸ் மளமளவென்று சரிந்தது. ஆனால் சரிவு ஒன்று, அதற்குள் அளவுருக்கள் இரண்டு: வைரஸ் துகள் அழியும் வேகம், தொற்றிய செல் சாகும் வேகம். நாள் கணக்கில் எடுத்த ரத்தத்தில் இரண்டில் மெதுவானது மட்டுமே தெரியும். அது எது என்றுகூடத் தெரியாது.

மறு ஆண்டு கணித உயிரியலாளர் ஆலன் பெரல்சன், ஹோவோடு சேர்ந்து, ஐந்து நோயாளிகளுக்கு ரிட்டோனாவிர் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். முதல் ஆறு மணி நேரம் இரண்டு மணிக்கொரு முறை ரத்தம். இரண்டாம் நாள் வரை ஆறு மணிக்கொரு முறை. பிறகு ஏழாம் நாள் வரை தினம் ஒரு முறை. அந்த ஆரம்ப மணிகளின் வளைவில்தான் இரண்டும் பிரிந்தன. வைரஸின் அரை ஆயுள் சுமார் 6 மணி, செல்லுடையது சுமார் 1.6 நாள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 கோடி துகள்கள் பிறக்கின்றன! இந்த வேகத்தில் பெருகி உருமாறும் ஒன்று ஒற்றை மருந்துக்கு அடங்காது; சானடோரியத்தில் மூன்று மருந்து சேர்த்துத் தருவதன் நியாயம் இதுதான்.

ஒரு செல் எத்தனை துகள்களை உண்டாக்குகிறது என்பதோ, வைரல் லோடை மட்டும் வைத்து இன்றும் பிடிபடாது. செல்களின் எண்ணிக்கையோடு பெருக்கிய தொகைதான் கிடைக்கும். கணினி மட்டும் தயங்காமல் நான்கு தசம இலக்கத்தோடு ஒரு விடை தரும். அதை நம்பிக் கட்டுரை எழுதுபவர்களும் உண்டு.

நாளை உங்களில் யாராவது சமன்பாட்டோடு மருத்துவமனைக்குப் போனால், ரத்தமெல்லாம் எடுத்து முடித்த பிறகு போகாதீர்கள். எந்தெந்த மணிக்கு எடுப்பது என்று நர்ஸ் அட்டவணை போடும்போதே பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்டு உட்காருங்கள்.